லான் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்

என்னிடம் ஆங்கிலம் படிக்கத் தமிழர் யாரும் வரமாட்டார்கள். வந்தால் மரியாதை என்ன ஆவது? "பிறேமினியா? அவ டென்மார்க்கில இருந்து வந்தவ. அவவுக்கே இங்கிலிஷ் பிந்தித்தானே வந்தது" என்று லண்டன் ஹவுன்ஸ்லோவில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்லட்டும். பிந்தி வந்தபடியால்தான் அது எந்த வழியால் வந்தது, எங்கே தடக்கி விழுந்தது என்றெல்லாம் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவரிடம் ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள். "அது அப்படித்தான்" என்பார். அதைக் கேட்கவா காசு கொடுத்து வகுப்புக்குப் போவது?

ஆகவே சனிக்கிழமைக் காலைகளில் என் குசினி மேசையைச் சுற்றி இருப்பவர்கள் வியட்நாம்காரர்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தவள் லான்.

அவள் வேலை செய்கிற நெயில் கடைக்கு ஒரு நாள் அவசரத்தில் ஓடினேன். நான் தமிழ் நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளராகப் போகிறவள். வெஸ்ட் ஈலிங்கிலிருந்து நோர்பரி வரைக்கும் அரங்கேற்றமா, ஆண்டு விழாவா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒலிவாங்கியைப் பிடிக்கிற கை பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டாமா? லான் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் என் வயதைக் கேட்டாள். சொன்னேன். "அப்ப நீங்கள் அக்கா" என்றாள். வயது தெரியாமல் அவர்களுக்கு ஒருவரைக் கூப்பிடவே வராதாம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அடுத்த நிமிடமே என் நகக்கண்களை உற்றுப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, அவை 'டிலாப்பிடேட்டட்' ஆக இருக்கின்றன என்றாள்.

அது இடிந்து விழப்போகிற வீட்டுக்குச் சொல்கிற சொல். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிறகுதான் மேசை விளக்கின் கீழே கிடந்த தடித்த சொற்புத்தகத்தைக் கண்டேன். பக்கங்கள் எல்லாம் நகப்பூச்சுக் கறை. ஆங்கிலத்தின் பெரிய சொற்களை எல்லாம் தனியாகப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறாள், பாவி. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "சனிக்கிழமை விடிய வீட்டுக்கு வா. கடை துறக்க முன்னம் ஒரு மணித்தியாலம்" என்றேன். நகக்கண்களின் மானத்தை வேறு எப்படிக் காப்பாற்றுவது?

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானும் லானும் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அவள் பேச்சு என் காதில் எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

வகுப்பு என்றால் பெரிய வகுப்பு ஒன்றுமில்லை. தேத்தண்ணி, வாட்டிய பாண், விமான நிலையம் பக்கத்தில் என்பதால் தலைக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம். விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்தில் தொடங்குவோம். லானின் சிநேகிதிகள் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து வாயை விட்டு வெளியே வராது. அதை இழுத்து வெளியே எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்காக ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். அகப்பையை ஒலிவாங்கியாகப் பிடித்து, மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்பதுபோலச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் குஷி.

ஒருநாள் லான் சொன்னாள்: "எங்கட பாஷையில சந்தைச் சொல் வேற, கந்தோர்ச் சொல் வேற அக்கா. கந்தோர்ச் சொல்லெல்லாம், அரசாங்கக் கடுதாசியில எழுதுறது, பழைய காலத்தில சீனாவில இருந்து வந்தது. அதைச் சந்தையில சொன்னா மீன்காரி சிரிப்பாள்."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இதைத்தானே இத்தனை கிழமையாகத் தேடிக்கொண்டிருந்தேன்! எங்களுக்கும் வீட்டுத் தமிழ் வேறு, மேடைத் தமிழ் வேறு. நான் மேடையில் "அன்னார் வருகை தந்துள்ளார்" என்பேன். வீட்டில் "அந்தாள் வந்திட்டுது" என்பேன். ஆங்கிலக்காரனுக்கும் அப்படியே இரண்டு அலுமாரி இருக்கிறது. அன்றைக்குப் பிடித்த வேகம் பிறகு குறையவே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பிடித்து, "சந்தையா? கந்தோரா?" என்று கத்துவேன். நாலு பேரும் திருப்பிக் கத்துவார்கள். என் கணவர் நிஷாந்தன் ராத்திரி ஷிப்ட் முடித்து மாடியில் படுத்திருப்பார். "உங்கை என்ன ஏலமே நடக்குது?" என்று மேலேயிருந்து சத்தம் வரும்.

'ஜூடிஷஸ்' என்ற சொல் வந்த நாள் நினைவிருக்கிறது. நன்றாக யோசித்து எடுத்த புத்தியான முடிவுக்குச் சொல்கிற சொல்.

"இதை ஆருக்குச் சொல்லுறது அக்கா?"

"ஆருக்கும் சொல்ல மாட்டம். முடிவெடுக்கிற ஆக்கள் எங்களிட்டை அபிப்பிராயம் கேக்கிறேல்லை. தெரிஞ்சு வைச்சிரு, காணும்."

லான் அந்தச் சொல்லை இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசி எழுத்து முழுசாக வந்தது.

இவ்வளவு பாடும் எதற்கு? லான் ஊரில் பள்ளிக்கூட ரீச்சர். தாவரவியல் படிப்பித்தவள். இங்கே வந்து பல வருடமாகக் குனிந்தபடி அடுத்தவரின் நகம் வெட்டுகிறாள். வேலையில் குறையில்லை, கை நிறைய வாடிக்கையாளர்கள். ஆனால் மணிக்கட்டு நோகத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அழகுக்கலைப் பிரிவுக்கு நகப் பயிற்சி ஆசிரியர் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது, அவள் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் எனக்குக் காட்டிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "என்னை ஒருத்தரும் ரீச்சர் எண்டு கூப்பிட்டு எவ்வளவு காலம் அக்கா" என்றாள்.

முதல் தடவை போனாள். செய்முறைப் பரீட்சையில் எல்லாரையும் விட நல்ல புள்ளி. நேர்முகத்தில் கோட்டை விட்டாள்.

"என்ன கேட்டவை?"

"என்ரை திறமையள் என்னெண்டு கேட்டவை."

"நீ என்ன சொன்னனீ?"

"பெரிசா ஒண்டுமில்லை, இன்னும் பழக வேணும் எண்டு சொன்னன்."

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். மெட்டிகுலஸ் தெரியும், இன்டிஃபாட்டிகபிள் தெரியும், அகராதியில் உள்ள நல்ல குணமெல்லாம் தெரியும். அதில் ஒன்றையாவது தன்மேல் ஒட்டிக்கொள்ள இந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை! "என்னடி விசரி, உன்னைப் பற்றித்தானே கேட்டவை?" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அக்கா, நீங்கள் நல்ல ரீச்சரோ?" என்று கேட்டாள்.

"சும்மா போ. நான் என்ன, ஏதோ எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்" என்றேன் நான்.

அவள் சிரித்தாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஆனால் அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. தன்னைத்தானே புகழ்வதை எங்கள் ஆட்களும் அருவருப்பார்கள். டென்மார்க்கில் அது இன்னும் மோசம். அங்கே ஒருவர் தன் கேக் நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னாலே மற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனாலும் சட்டம் போட்டேன். இந்தக் குசினியில் யாராவது 'பெரிசா ஒண்டுமில்லை' என்று சொன்னால், கதிரையில் ஏறி நின்று தன்னைப் பற்றி மூன்று பெரிய சொல் சொல்ல வேண்டும். அந்த மாதம் முழுக்கச் சிநேகிதிகள் கதிரையில் ஏறி ஏறி இறங்கினார்கள். லான் மட்டும் ஏறுவாள், முகம் சிவக்கும், வாய் திறக்காது, இறங்கிவிடுவாள்.

கோடைக்குப் பிறகு அதே கல்லூரி அதே வேலைக்குத் திரும்பவும் விளம்பரம் போட்டது. முதலில் எடுத்தவர் நிற்கவில்லையாம். லான் திரும்பவும் விண்ணப்பித்தாள். இந்த முறையும் கோட்டை விட்டால் இனிக் கேட்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நேர்முகம் கணினி வழியாக.

அந்தக் கிழமை ஓர் அரங்கேற்றம். ஆடுகிற பிள்ளைக்கு நகப்பூச்சு லான்தான் போட்டாள். அப்படியே நின்று பார்க்கட்டும் என்று மேடைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கொடுத்தேன். தலைமை விருந்தினர் கணேசலிங்கம் அண்ணை. பலசரக்கு மொத்த வியாபாரம், நல்ல மனிதர், கொடுக்கிற கை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு துண்டை நீட்டினார். "தங்கச்சி, இதில கொஞ்சம் எழுதியிருக்கிறன். நான் தந்தனான் எண்டு காட்டாதையுங்கோ." அதில் அவரை அவரே கொடை வள்ளல், சமூகச் சுடர், தமிழன்னையின் தவப்புதல்வன் என்று எழுதியிருந்தார். எனக்கு இது புதிதல்ல. எல்லாரும் இப்படித்தான் தருவார்கள். நான் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். மண்டபம் கைதட்டியது. அண்ணை மேடையேறி, கண்ணைத் துடைத்து, "தங்கச்சி பிறேமினி அன்பு மிகுதியால கூடச் சொல்லிப்போட்டா. நான் இதுக்கெல்லாம் தகுதியில்லாதவன்" என்றார்.

லான் என்னிடம் கேட்டாள்: "அக்கா, அவரைப் பற்றி உங்களுக்கு எப்பிடி இவ்வளவு தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? அவரே எழுதித் தந்தவர்."

லான் மேடையில் நின்ற அண்ணையைப் பார்த்தாள், என் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள் பாருங்கள், மிருதங்கக்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "எழுதுறது அவர், வாசிக்கிறது நீங்கள். வெக்கம் பாதி பாதி!"

அவ்வளவுதான். வழி கிடைத்துவிட்டது. மிச்ச நிகழ்ச்சியை எப்படி முடித்தேன் என்றே தெரியாது. காரில் வரும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அடுத்த நாளிலிருந்து குசினியில் கதிரை இல்லை, மேடைதான். ஒருத்தி எழுத வேண்டும், மற்றவள் அகப்பையைப் பிடித்து அறிவிக்க வேண்டும். லான் எழுதியதை நான் அறிவித்தேன். தன்னைப் பற்றி அவள் எவ்வளவு எழுதினாள்! எழுத்தில் அவளுக்குக் கூச்சமே இல்லை.

நேர்முகம் வியாழக்கிழமை பகல், என் குசினியில். அவள் கடையில் சத்தம், அறையில் இணையம் இழுக்காது. நான் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று சத்தியம் பண்ணிக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். வீட்டுச் சட்டை, தலையில் எண்ணெய். என்னை யார் பார்க்கப் போகிறார்கள்? அடுப்பில் பருப்பு.

திரையில் இரண்டு பேர். தலைவி ஹெலன் என்ற மூக்குக்கண்ணாடிக்காரி, பக்கத்தில் தாடி வைத்த ஒருவர். லான் நன்றாகத்தான் தொடங்கினாள். கிருமி நீக்கம் பற்றிக் கேட்டார்கள், பொழிந்து தள்ளினாள். பிந்தி வருகிற மாணவியை என்ன செய்வாய் என்று கேட்டார்கள், ரீச்சர் மாதிரியே பதில் சொன்னாள். நான் குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"லான், உங்கள் திறமைகள் என்னென்ன என்று சொல்லுங்கள்."

லானின் தோள் கீழே இறங்கியது. எனக்கு அந்தத் தோள் தெரியும். "நத்திங்..." என்று தொடங்கியே விட்டாள்.

பேசக் கூடாது என்றுதான் சத்தியம். அகப்பையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பருப்புச் சட்டிக்குள் கிடந்ததை எடுத்து வாய்க்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். பருப்பு முழங்கையால் வடிந்தது.

லான் என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பினாள். திரையில் அவள் வயிறு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். குனிந்து மடிக்கணினியை நிமிர்த்தினாள். தொண்டையைச் செருமினாள்.

"மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினரே! எங்கள் ஊரில் ஒருவர் தன்னைத் தானே அறிமுகம் செய்வதில்லை. ஆகவே நான் அறிவிப்பாளர். நெயில் கடையின் மூன்றாம் மேசையில் வேலை செய்யும் ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். அவர் பெயர் லான்."

தாடிக்காரர் பேனையைக் கீழே வைத்தார்.

"லான் அவர்கள் மெட்டிகுலஸ். கடுகளவு பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. லான் அவர்கள் இன்டிஃபாட்டிகபிள், களைப்பு அறியாதவர். கடைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் வேலை பழக்கியவர் அவர்தான். கைவிட்ட பெண் என்று ஒருத்தி கிடையாது. கை நடுங்கும் வயதான வாடிக்கையாளர் ஒருவர் வருவார். கையை அசைக்காதீர்கள் என்று லான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கையோடு சேர்ந்து தன் கையையும் அசைத்தே பூசி முடிப்பார். தன் ஊரில் அவர் ஆசிரியர். இங்கேயும் ஆசிரியர்தான், இன்னும் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்."

ஒரு கடைசி எழுத்துக்கூட விழுங்கப்படவில்லை. மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். விமானம் ஒன்று வந்தது. லான் பழக்கதோஷத்தில் பேச்சை நிறுத்தினாள், போனதும் தொடர்ந்தாள்.

"இப்போது அவரையே பேச அழைக்கிறேன்."

திரும்பக் கதிரையில் இருந்தாள். தலைமயிரைச் சரிசெய்தாள். "நன்றி" என்றாள் தன் சொந்தக் குரலில். "அறிவிப்பாளர் அன்பானவர். ஆனால் சொன்னதெல்லாம் உண்மை."

ஹெலன் வாய்விட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். தாடிக்காரர் கைதட்டியே விட்டார். எனக்குத் துள்ள வேண்டும் போல் இருந்தது, துள்ளினால் சத்தம் கேட்கும். கண்ணீர் வேறு.

"இப்படிப் பேச யார் பழக்கியது?" என்று கேட்டார் ஹெலன். "நீங்கள் அடிக்கடி அந்தப் பக்கம் பார்க்கிறீர்களே, அங்கே யார்?"

வேண்டாம் வேண்டாம் என்று அகப்பையை ஆட்டினேன். லான் மடிக்கணினியைத் திருப்பிவிட்டாள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் நான். எண்ணெய்த் தலை, பருப்புக் கை.

"இவர்தான் எங்கள் ஆசிரியர் பிறேமினி" என்றாள் லான். "லண்டனில் எல்லாரையும் இவர்தான் மேடைக்கு அழைப்பார். இவரை ஒருவரும் அழைத்ததில்லை. நான் அழைக்கிறேன்."

என்ன சொல்வது? மற்றவர்களின் பெயருக்கு முன்னால் ஆயிரம் அடைமொழி வாசித்த வாய் இது. "நீங்கள்தான் பழக்கினீர்களா? அருமை" என்றார் ஹெலன். வாய் தானாகத் திறந்தது.

"ஐயோ, நத்திங் ஸ்பெஷல்" என்றேன்.

"கதிரை!" என்று கத்தினாள் லான்.

நல்லவேளை, அதோடு நேர்முகம் முடிந்தது. பின்னேரத்துக்குள் தொலைபேசியில் சொல்கிறோம் என்றார்கள். திரை இருண்டதும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் கத்தினோம். மாடியிலிருந்து நிஷாந்தன் இறங்கி வந்து, "கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றோம். "அப்ப என்னத்துக்கு இந்தக் கூத்து?" என்று அடிப்பிடித்த பருப்பை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

லான் விடவில்லை. "சட்டம் எண்டா சட்டம் அக்கா. ஏறுங்கோ." ஏறினேன். குசினிக் கதிரையில் ஏறி நின்றால் என் தலை விளக்கில் முட்டும். மூன்று பெரிய சொல். தேடினேன். எல்லாச் சொல்லும் எனக்குத் தெரியும், எதுவும் என்னுடையதாகத் தோன்றவில்லை. லான் இத்தனை நாள் கதிரையில் என்ன பட்டிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நேரம் எடுங்கோ" என்றாள் அவள், நான் சொல்கிற அதே தொனியில்.

அப்போது தொலைபேசி அடித்தது.

லான் எடுத்தாள். "ஓம்... ஓம்..." என்று கேட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் கதிரையில் நின்றபடி விளக்கைப் பிடித்துக்கொண்டேன். உங்களையே தெரிவு செய்திருக்கிறோம் என்று ஹெலன் சொன்னது எனக்கே கேட்டது. இனி இவள் என்ன சொல்லப் போகிறாள்? நான் தகுதியில்லாதவள் என்றா? இன்னும் பழக வேணும் என்றா?

லான் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஜூடிஷஸ் டிசிஷன்."

மறுமுனையில் சிரிப்பு. லானும் சிரித்தாள், நன்றி சொன்னாள், தொலைபேசியை வைத்தாள். பிறகு மேசையில் முகம் புதைத்து அழுதாள். நான் கதிரையிலிருந்து இறங்கப் போனேன். அவள் தலையைத் தூக்காமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்கள் இன்னும் சொல்லேல்லை."

"பெரிய சொல் வருகுதில்லை லான்."

"சந்தைச் சொல்லிலை சொல்லுங்கோ."

மூச்சை எடுத்தேன். "நான் நல்லாப் படிப்பிப்பன்" என்றேன். சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ஒரு விமானம்.

"கேக்கேல்லை" என்றாள் லான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

விமானம் போகும்வரை காத்திருந்து, தெருவுக்கே கேட்கும்படி இரண்டாம் முறை சொன்னேன்.